டவர் சாய்ந்தாலும் பேசும் பெட்டி

அடுத்த வீட்டுக்காரரைச் செல்போனில் அழைத்தாலும் உங்கள் குரல் டவருக்குப் போய்த்தான் திரும்புகிறது. டவர் சாய்ந்தாலோ கேபிள் அறுந்தாலோ கையிலிருப்பது வெறும் டார்ச் லைட். வாக்கி-டாக்கிக்கு இந்த இடைத்தரகர் வேண்டாம். அலை ஒரு கருவியிலிருந்து நேரே இன்னொன்றுக்குப் போகிறது. சாதாரணக் கைக்கருவி ஸ்மார்ட்போனைவிட மலிவு. ஆனால் சில கிலோமீட்டர்தான் எட்டும். மலை மறித்தால் அதுவும் இல்லை.

சிற்றலையின் கதையே வேறு. அதை வானிலுள்ள அயனி மண்டலம் வளைத்துத் தரைக்கே திருப்பிவிடுகிறது. கடல் தாண்டியும் கேட்கும். 2004 சுனாமியின்போது போர்ட் பிளேரில் இருந்த பாரதி பிரசாத்தின் ஹாம் எனப்படும் அமெச்சூர் வானொலிக் குழு அந்தமான் செய்திகளைப் பெருநிலத்துக்குச் சேர்த்தது இப்படித்தான். மின்சாரத்துக்கு ஒரு கார் பேட்டரி போதும்.

ஹாம் கருவியில் பேச இந்தியாவில் தேர்வு எழுதி உரிமம் பெற வேண்டும். புயல் சின்னம் உருவான பிறகு விண்ணப்பிக்காதீர்கள்!