யாரோ போட்ட டிக்

கார் இன்சூரன்ஸ் எடுக்கும்போது நிரப்பும் புரபோசல் படிவத்தில் ஒரு கேள்வி வரும். இதற்கு முன் எந்தக் கம்பெனியாவது உங்களுக்குக் காப்பீடு தர மறுத்ததா, பாலிசியை ரத்து செய்ததா, புதுப்பிக்க மாட்டோம் என்றதா, கூடுதல் பிரீமியம் கேட்டதா? சென்னை காட்டுப்பாக்கத்தில் கார் வைத்திருப்பவர்களை நிறுத்திக் கேட்டால், அப்படி ஒரு கேள்வி இருப்பதே பலருக்குப் புதுச் செய்தியாக இருக்கும். ஷோரூம் பையனோ, ஏஜென்ட்டோ, செல்போன் செயலியோ அவர்களுக்காக ‘இல்லை’ என்று டிக் போட்டிருக்கும். “அதெல்லாம் ஃபார்மாலிட்டி சார்!” கையெழுத்து மட்டும் வண்டிக்காரருடையது.

நம்மை யார் மறுக்கப் போகிறார்கள் என்று தோன்றலாம். பாலிசி முடிந்து நாலு நாள் கழித்து ஞாபகம் வந்து புதுப்பிக்கப் போனால் அது ‘பிரேக்-இன்’. கம்பெனி வண்டியைப் பார்க்காமல் பாலிசி தராது. முன்பு ஆள் வந்து பார்த்தார். இப்போது நாமே செல்போனில் வீடியோ எடுத்து அனுப்புகிறோம். மெட்ரோ வேலை நடந்த காலத்தில் ட்ரங்க் ரோட்டில் ஓட்டிய காரில் கீறலும் நசுங்கலும் இல்லாமல் இருக்குமா? வீடியோவைப் பார்த்துவிட்டு, சொந்த சேதத்துக்கான ‘ஓன் டேமேஜ்’ பகுதியைத் தரமுடியாது என்று ஒரு கம்பெனி சொல்லலாம். சரி, இன்னொன்றில் போடலாம் என்று ஏஜென்ட் அடுத்த செயலியைத் திறக்கிறார். அந்தக் கேள்வி அங்கேயும் இருக்கும். இப்போது ‘இல்லை’ என்பது பொய்.

பாலிசி முடிந்தாலும் 90 நாள் டைம் இருக்கிறது என்று ஒரு நம்பிக்கை ஊரெங்கும் உலவுகிறது. அந்த 90 நாள் என்சிபி எனப்படும் நோ க்ளைம் போனஸைக் காப்பாற்றிக்கொள்வதற்கு மட்டும்தான். பிரீமியம் கைக்கு வராமல் கம்பெனி பொறுப்பேற்கக் கூடாது என்கிறது 1938-ஆம் ஆண்டு இன்சூரன்ஸ் சட்டத்தின் 64விபி பிரிவு. இடைப்பட்ட நாளில் மோதினால் எல்லாம் நம் பையிலிருந்துதான். போலீஸ் நிறுத்தினால் முதல் தடவை 2,000 ரூபாய் அபராதம், அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே.

மறுப்பை மறைப்பதைவிட அதிகம் நடக்கும் பொய் என்சிபி பற்றியது. க்ளைம் இல்லாத முதல் வருடத்துக்கு 20 சதவீதம், பிறகு 25, 35, 45, ஐந்தாவது வருடம் 50 சதவீதம் ஓன் டேமேஜ் பிரீமியத்தில் தள்ளுபடி. போன வருடம் பம்பர் மாற்ற க்ளைம் வாங்கியவர் கம்பெனியை மாற்றும்போது, “போட்டுக்கலாம் சார், யாரு பார்க்கப் போறா” என்பார்கள். 2002-இன் இந்திய மோட்டார் டாரிஃபில் இதற்கென்றே ஓர் உறுதிமொழி இருக்கிறது: சொன்னது தவறானால் ஓன் டேமேஜ் பலன் முழுவதும் பறிபோகும். ஆனால் அதே டாரிஃப் கம்பெனிக்கும் ஒரு வேலை வைத்தது. என்சிபி கொடுத்த 21 நாளுக்குள் பழைய கம்பெனிக்கு எழுதிக் கேட்டு உறுதிசெய்ய வேண்டும். பிரீமியம் வாங்கும்போது எதையும் சரிபார்க்காமல், க்ளைம் வந்த பிறகு மட்டும் பழைய பதிவுகளைத் தோண்டும் கம்பெனிகளைப் பற்றி எனக்கு நல்ல அபிப்பிராயம் இல்லை.

பழைய கார் வாங்குகிறவர்கள் இதில் தெரியாமலேயே மாட்டுகிறார்கள். என்சிபி ஆளுக்கு உரியது, வண்டிக்கு அல்ல. விற்றவர் அதைக் கடிதமாக வாங்கி மூன்று வருடத்துக்குள் தன் அடுத்த காருக்குப் பயன்படுத்தலாம். வாங்கியவர் 14 நாளுக்குள் பாலிசியைத் தன் பெயருக்கு மாற்ற விண்ணப்பித்து, பழைய ஓனர் பெற்றிருந்த தள்ளுபடித் தொகையைக் கட்ட வேண்டும். பூந்தமல்லி ஆர்டிஓவில் ஆர்சி புத்தகத்தை மாற்ற அலைகிறவர்கள் பாலிசியை மாற்ற மறந்துவிடுகிறார்கள். மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாக வந்துவிடும். ஓன் டேமேஜ் அப்படி வராது என்று உச்ச நீதிமன்றம் 1995-லேயே சொல்லிவிட்டது.

கம்பெனிகள் காப்பீடு தராமல் தட்டிக்கழித்ததில் அதிகம் அடிபட்டவை லாரிகள்தான். மூன்றாம் நபர் காப்பீட்டில் நஷ்டம் என்று லாரி, டிப்பர்களைத் தவிர்த்தார்கள். அப்படி ஒதுக்கப்பட்ட வணிக வாகனங்களுக்காகவே 2012 ஏப்ரலில் ‘டிக்ளைன்டு ரிஸ்க் பூல்’ என்று தனியாக ஒரு பொதுத் தொகுப்பை உருவாக்க வேண்டியிருந்தது. மூன்றாம் நபர் காப்பீட்டில் ஒரு குறைந்தபட்ச அளவையாவது ஒவ்வொரு பொதுக் காப்பீட்டுக் கம்பெனியும் ஏற்கவேண்டும் என்பது இப்போது சட்டம்.

ரத்து விஷயத்தில் நிலைமை நம் பக்கம் திரும்பியிருக்கிறது. பழைய டாரிஃபில் ‘ஷார்ட் பீரியட்’ அளவு என்று ஒன்று. ஒரே மாதத்தில் ரத்து செய்தாலும் வருடப் பிரீமியத்தில் 20 சதவீதம் போய்விடும். எட்டு மாதம் தாண்டினால் ஒரு பைசா திரும்பாது. 8,000 ரூபாய் பிரீமியம், நூறாவது நாளில் ரத்து என்றால் பாதி, அதாவது 4,000-தான் கிடைக்கும். 2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ வெளியிட்ட சுற்றறிக்கைப்படி, தனிநபர் பாலிசிதாரர் காரணமே சொல்லாமல் ரத்து செய்யலாம். ஒரு வருட பாலிசியில் க்ளைம் எதுவும் இல்லையென்றால் மீதி நாளுக்கான பணத்தைக் கணக்குப்படி தரவேண்டும். அதே உதாரணத்தில் சுமார் 5,800 ரூபாய். கம்பெனி நம்மை ரத்து செய்ய வேண்டுமானால் மோசடி நிரூபணமாக வேண்டும், ஏழு நாள் நோட்டீஸும் வேண்டும்.

ரத்து செய்வதில் வரிசை முக்கியம். வண்டி ரோட்டில் ஓடும்வரை மூன்றாம் நபர் காப்பீடு இல்லாமல் இருக்க முடியாது என்பதால், வேறு பாலிசி இருப்பதற்கான சான்றைக் கேட்பார்கள். புதியதை எடுத்துவிட்டுத்தான் பழையதை விடவேண்டும். வருடத்தின் நடுவே மாறினால் அந்த வருடத்துக்கான என்சிபி படி ஏறாது. சில நூறு ரூபாய் மலிவு என்று விளம்பரம் பார்த்து மாறுகிறவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்ப்பதில்லை.

பாலிசியில் என்ன இருக்கிறது என்று வாங்குகிறவருக்கு யாரும் சொல்வதில்லை என்ற ஆதங்கம் நீதிமன்றத்திலும் ஒலித்திருக்கிறது. ஈரோடு தீர்ப்பாயத்திலிருந்து வந்த விபத்து வழக்கு ஒன்றில், காருக்கு இருந்தது மூன்றாம் நபருக்கு மட்டுமான வெறும் ‘ஆக்ட் பாலிசி’. காரில் இருந்தவர்களுக்கு அது பொருந்தாது என்றது கம்பெனி. சட்டப்படி கம்பெனி சொன்னதே சரி. நஷ்டஈட்டு உத்தரவை ரத்து செய்த சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ். வைத்தியநாதன், 2021 செப்டம்பர் முதல் விற்கும் புது வண்டிகளுக்கு ஐந்து வருடம் ‘பம்பர் டு பம்பர்’ எனப்படும் முழுக் காப்பீடு கட்டாயம் என்று கூடவே உத்தரவிட்டார். டீலர்கள் திண்டாடிப் போனார்கள். நடைமுறைக்கு ஒத்துவராது என்று காப்பீட்டுத் தரப்பு முறையிட, அந்தச் செப்டம்பரிலேயே உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. ஒரே நாளில் ஊரின் காப்பீட்டை மாற்ற முயன்ற உத்தரவு அது. அதன் பின்னால் இருந்த கோபம் நியாயமானது என்றே நினைக்கிறேன்.

க்ளைம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது பதில் திருப்தி இல்லை என்றால், ஒரு வருடத்துக்குள் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். புகாரோடு, உங்கள் பெயரில் டிக் போட்ட அந்தப் புரபோசல் படிவத்தின் பிரதியையும் கம்பெனியிடம் கேட்டு வாங்குங்கள். படிவமே இல்லாமல் போனில் பேசி எடுத்த பாலிசி என்றால், நீங்கள் சொன்னதாகக் கம்பெனி பதிவு செய்யாத எதையும் நிரூபிக்கும் பொறுப்பு கம்பெனியுடையது என்று 2017-இன் பாலிசிதாரர் நலன் விதிமுறைகளே சொல்லியிருந்தன.