யாருக்குத் தெரியும்? யாருக்கு அக்கறை? யாரால் முடியும்?

உச்சியில் இருப்பவர்களின் பள்ளிக்கூடம் – 9

ஹார்வர்டு பிசினஸ் ஸ்கூலின் கேஸ் முறையைச் சென்ற வாரம் பார்த்தோம். அதில் ஒரு வசதி உண்டு. கம்பெனியின் வரலாறு, கணக்கு, போட்டியாளர் விவரம் என்று எல்லாவற்றையும் யாரோ ஒருவர் ஏற்கெனவே திரட்டி, எது முக்கியம் என்று பொறுக்கி, சில பக்கங்களில் அச்சடித்துக் கையில் கொடுத்துவிடுகிறார். படிப்பவர் முடிவை மட்டும் எடுத்தால் போதும். ஆனால் ஒரு ஜெனரல் மேனேஜரின் மேஜைக்குச் சிக்கல்கள் இப்படி பைண்டு போட்டு வருவதில்லை. விற்பனை ஏன் சரிகிறது என்று அவர் கேட்டால், உற்பத்திப் பிரிவு ஒரு காரணம் சொல்லும், நிதிப் பிரிவு இன்னொன்று சொல்லும். உண்மையான சிக்கல் எது என்று கண்டுபிடிப்பதே அவருடைய வேலையில் பாதி. அந்தப் பாதியை வகுப்பறையில் சொல்லிக்கொடுக்க முடியாது என்று வாழ்நாள் முழுக்க வாதாடினார் ஓர் ஆங்கிலேயர்.

அவர் பெயர் ரெஜினால்ட் ரெவன்ஸ். 1907-இல் போர்ட்ஸ்மவுத்தில் பிறந்தவர். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பிரிட்டனுக்காக நீளம் தாண்டியவர். படித்தது இயற்பியல், ஆராய்ச்சி செய்தது கேம்பிரிட்ஜின் கேவண்டிஷ் ஆய்வகத்தில். நிர்வாகவியலில் அவருக்கு ஒரு பட்டமும் கிடையாது.

இரண்டு நினைவுகளை அவர் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். அவருடைய தந்தை கப்பல்களைப் பரிசோதிக்கும் அரசு அதிகாரி. 1912-இல் டைட்டானிக் மூழ்கியபோது நடந்த விசாரணையில் அவருக்கும் பங்கு இருந்தது. அதிலிருந்து என்ன கற்றீர்கள் என்று மகன் பின்னாளில் கேட்டபோது, சாமர்த்தியம் வேறு, விவேகம் வேறு என்பதைத்தான் என்று தந்தை பதில் சொன்னாராம். இரண்டாவது நினைவு கேவண்டிஷில் எர்னஸ்ட் ரூதர்ஃபோர்டு நடத்திய கூட்டங்கள். நோபல் பரிசு வாங்கியவர்கள் அங்கே உட்கார்ந்து, தங்களுக்கு எது புரியவில்லை என்பதைச் சகாக்களிடம் சொல்வார்கள். அணுவைப் பற்றி உலகத்தில் மற்ற எல்லோரையும்விட அதிகம் அறிந்தவர்களுக்குத் தங்கள் அறியாமையை வாய்விட்டுச் சொல்லக் கூச்சம் இருக்கவில்லை. இளைஞர் ரெவன்ஸுக்கு அது பெரிய பாடமாக இருந்தது. ஒரு கம்பெனியின் இயக்குநர் குழுவில் இதே போன்ற ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்து பார்த்தால், அது எத்தனை அரிய காட்சி என்பது விளங்கும்.

1945-இல் அவர் பிரிட்டனின் நிலக்கரித் துறைக்கு வந்தார். 1947-இல் சுரங்கங்கள் தேசியமயமாயின. புதிய தேசிய நிலக்கரி வாரியத்தில் கல்வி, பயிற்சிப் பொறுப்பு அவருடையது. சுரங்க மேலாளர்களுக்குப் பயிற்சி கொடுக்கத் திட்டம் தீட்டவேண்டும். பேராசிரியர்களைக் கூட்டிப் பாடத்திட்டம் எழுதுவதுதான் வழக்கம். ரெவன்ஸ் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு தொழிலாளிகளோடு சுரங்கத்துக்குள் இறங்கினார். காற்றோட்டம், கூரை சரிவு, வெள்ளம், வேலைநிறுத்தம் என்று மேலாளர்கள் தினமும் மல்லுக்கட்டும் சிக்கல்களுக்கு வெளியிலிருந்து வரும் நிபுணரைவிடப் பக்கத்துச் சுரங்கத்தின் மேலாளருக்கே அதிகம் தெரிந்திருக்கிறது என்று கண்டார். அவர் செய்த பரிந்துரை எளிமையானது: மேலாளர்களைச் சிறு குழுக்களாக உட்கார வையுங்கள், ஒருவர் சுரங்கத்தை மற்றவர் போய்ப் பார்க்கட்டும், ஒருவர் சிக்கலை மற்றவர்கள் கேள்வி கேட்டு அலசட்டும்.

அதே ஆண்டுகளின் ஆய்வுகளில் இன்னொன்றையும் அவர் கண்டார். பெரிய சுரங்கங்களைவிடச் சிறிய சுரங்கங்களில் விபத்து விகிதம் குறைவு. மேலே இருப்பவரும் கீழே இருப்பவரும் முகம் பார்த்துப் பேசிக்கொள்ளும் இடங்கள் அவை. 1950-இல் அவர் வாரியத்தை விட்டு விலகினார். 1955-இல் மான்செஸ்டரில் பேராசிரியரானார். மருத்துவமனைகளை ஆராய்ந்து 1964-இல் வெளியிட்ட நூலிலும் அதே இழை ஓடுகிறது: பயிற்சி நர்ஸ் தன் வார்டு சிஸ்டரிடம் பயமில்லாமல் சந்தேகம் கேட்க முடிகிற மருத்துவமனையில் நர்ஸ்கள் வேலையை விட்டுப் போவது குறைகிறது, நோயாளிகளும் சீக்கிரம் வீடு திரும்புகிறார்கள். கேள்வி கேட்கும் சுதந்திரம் என்பது மனசாந்திக்கான விஷயம் அல்ல. அது கட்டில் கணக்கிலேயே தெரிகிறது என்பதை அவர் எண்களால் காட்டினார்.

1965-இல் பேராசிரியர் பதவியையும் விட்டார். மான்செஸ்டரில் வரவிருந்த புதிய பிசினஸ் ஸ்கூல் அமெரிக்க பாணியில் போவது அவருக்கு ஒப்பவில்லை. போன இடம் பெல்ஜியம்.

அங்கேதான் அவருடைய துணிச்சலான சோதனை நடந்தது. 1960-களின் இறுதியில் பெல்ஜியத்தின் ஐந்து பல்கலைக்கழகங்களும் அந்நாட்டின் பெரிய நிறுவனங்களும் கைகோத்தன. ஒவ்வொரு நிறுவனமும் தன் மேல்மட்ட அதிகாரிகளில் ஒருவரைத் தரவேண்டும். அவரை வகுப்புக்கு அல்ல, வேறொரு நிறுவனத்துக்கு அனுப்புவார்கள். தனக்குப் பழக்கமே இல்லாத தொழிலில், தன் துறையைச் சேராத ஒரு சிக்கலை அவர் எடுத்துக்கொள்ளவேண்டும். சில மாதங்கள் கேட்டறிவதற்கு. அடுத்த சில மாதங்கள் அந்த நிறுவனத்தாரோடு சேர்ந்து செய்து பார்ப்பதற்கு. அறிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் கிளம்பும் ஆலோசகருக்கும் இவருக்கும் உள்ள வித்தியாசம் இந்த இரண்டாம் பாதியில்தான் இருக்கிறது.

ஏன் இந்த வீண் சுற்று என்று தோன்றலாம். தன் நிறுவனத்திலேயே ஆயிரம் சிக்கல்கள் இருக்கும்போது எதற்கு ஊரார் வீட்டுச் சிக்கல்? இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ள அதிகாரி தன் சொந்த இடத்தில் எதையும் கேட்பதில்லை. கேட்கவேண்டிய தேவையே அவருக்கு வருவதில்லை. பதில்கள் கைவசம் இருக்கின்றன. வேறொருவர் ஆலையில் அவருடைய பதவிக்கு மதிப்பில்லை, அனுபவத்துக்கும் பெரிய பயனில்லை. அந்த நிலையில் ஒன்று வாய்மூடி இருக்கலாம், அல்லது கேட்கலாம்.

எதைக் கேட்பது? ரெவன்ஸ் மூன்று கேள்விகளைக் கையில் கொடுத்தார். இந்தச் சிக்கலைப் பற்றி உண்மையில் தெரிந்தவர் யார்? இது தீரவேண்டும் என்று அக்கறை உள்ளவர் யார்? ஏதாவது செய்யும் அதிகாரம் யார் கையில்? மூன்றுக்கும் ஒரே ஆள் விடையாக வருவது அபூர்வம். தெரிந்தவர் ஷாப் ஃப்ளோரில் நிற்பார், அக்கறை உள்ளவர் விற்பனைப் பிரிவில் தவிப்பார், அதிகாரம் உள்ளவர் இருவரையும் சந்தித்தே இருக்கமாட்டார். இந்த மூவரையும் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார வைப்பதுதான் வியூகத் தலைமையில் பெரும்பகுதி. பயிற்சி மண்டபங்களில் பவர்பாயிண்டில் ஓடும் எந்த நான்கு கட்ட வரைபடத்தைவிடவும் இந்த மூன்று கேள்விகள் ஒரு மேலதிகாரிக்கு அதிகம் உதவும்.

இந்தத் திட்டத்தின் இதயம் ‘செட்’ எனப்பட்ட சிறு குழு. ஐந்தாறு அதிகாரிகள் தவறாமல் கூடுவார்கள். ஒவ்வொருவரும் வெவ்வேறு நிறுவனத்தில் திணறிக்கொண்டிருப்பவர். யாரும் யாருக்கும் மேலதிகாரி அல்ல. ஒருவர் தன் நிலவரத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆலோசனை சொல்லாமல் கேள்வி மட்டும் கேட்பார்கள். காப்பீட்டுத் துறையிலிருந்து ரசாயன ஆலைக்குப் போன ஒருவரை வைத்து ஒரு கூட்டத்தைக் கற்பனை செய்யலாம்.

“ஆர்டர்கள் தாமதமாகின்றன. பழைய இயந்திரங்கள்தான் காரணம் என்கிறார்கள்.”

“யார் சொல்கிறார்கள்?”

“உற்பத்தி மேலாளர்.”

“தாமதமான ஆர்டர்களின் பட்டியலை நீங்களே பார்த்தீர்களா?”

“இன்னும் இல்லை.”

“வாடிக்கையாளரிடம் டெலிவரி தேதியைச் சொல்வது யார்?”

“விற்பனைப் பிரிவு.”

“சொல்லும் முன் அவர்கள் ஆலையைக் கேட்கிறார்களா?”

அவரிடம் பதில் இல்லை. அடுத்த கூட்டத்துக்கு வருமுன் அவர் போய் உட்காரவேண்டிய இடம் இயந்திரத்தின் பக்கத்தில் அல்ல, விற்பனைப் பிரிவின் குமாஸ்தா பக்கத்தில் என்பது மட்டும் இப்போது தெரிந்துவிட்டது. புது இயந்திரத்துக்குப் போகவிருந்த பணம் மிச்சமாகலாம், ஆகாமலும் போகலாம். ஆனால் தன் சொந்த நிறுவனத்துக்குத் திரும்பியபின், ‘என்கிறார்கள்’ என்ற சொல்லைக் கேட்டவுடன் அவர் காது விழித்துக்கொள்ளும்.

கற்றலை ரெவன்ஸ் ஒரு சமன்பாடாகவே எழுதினார்: எல் = பி + க்யூ. பி என்பது ஏற்கெனவே அறியப்பட்டு, புத்தகத்தில் ஏறிவிட்ட அறிவு. க்யூ என்பது கேள்வி கேட்கும் திறன். இயற்பியல்காரரான அவர் பி-யை இழிவாகப் பேசியவர் அல்ல. பாலம் கட்ட அது வேண்டும். ஆனால் புதுமை என்று எதைச் சொல்கிறோமோ அது இன்னும் பி-யில் ஏறாதது. அதற்கான பாடநூலை யாரும் எழுதியிருக்க முடியாது. புத்தாக்கப் பயிற்சி என்ற பெயரில் நேற்று வென்ற நிறுவனங்களின் கதைகளை மட்டும் மேலதிகாரிகளுக்குச் சொல்லிக்கொண்டிருப்பதன் குறை இங்கேதான். சுற்றிலும் நடக்கும் மாற்றத்தின் வேகத்துக்குக் குறையாமல் ஒரு நிறுவனம் கற்கவேண்டும், இல்லாவிட்டால் அது நிலைக்காது என்பது அவருடைய இன்னொரு விதி.

பெல்ஜியம் அவரைச் செவாலியே விருது தந்து கௌரவித்தது. சொந்த நாடு தாமதமாகத் திரும்பிப் பார்த்தது. பிரிட்டனின் மின்பொறியியல் பெருநிறுவனமான ஜி.இ.சி.யின் தலைவர் ஆர்னால்ட் வைன்ஸ்டாக் ஒருநாள் தொலைக்காட்சியில் ரெவன்ஸைப் பார்த்தார், கூப்பிட்டு அனுப்பினார். செலவைப் பைசா பைசாவாகக் கணக்குப் பார்ப்பதில் பெயர்போனவர் வைன்ஸ்டாக். அவர் தன் திறமையான அதிகாரிகளை மாதக்கணக்கில் விட்டுத்தர ஒப்புக்கொண்டது சாதாரண விஷயம் அல்ல. 1974-இல் மேல்நிலை மேலாளர்களுக்கான திட்டம் அங்கே தொடங்கியது. சிலர் வேறு பிரிவுகளுக்கும் வேறு நிறுவனங்களுக்கும் போனார்கள், சிலர் தங்கள் வேலையில் இருந்தபடியே அதன் சிக்கலை எடுத்துக்கொண்டார்கள். அந்த அனுபவம் 1977-இல் ஒரு நூலாகவும் வந்தது.

ஜி.இ.சி.யின் பின்கதையைச் சொல்லாமல் விடுவது நேர்மை ஆகாது. வைன்ஸ்டாக் 1996-இல் பதவி விலகினார். அவர் பொத்திப் பொத்திச் சேர்த்த ரொக்கம் புதிய நிர்வாகத்தின் கைக்கு வந்தது. தலைமைச் செயலதிகாரி ஜார்ஜ் சிம்ப்சன் மோட்டார் துறையிலிருந்து வந்தவர். நிதிப் பொறுப்பிலிருந்த ஜான் மேயோ முதலீட்டு வங்கியில் வளர்ந்தவர். 1999-இல் அவர்கள் பாதுகாப்புத் தொழிலை விற்றார்கள், நிறுவனத்துக்கு மார்க்கோனி என்று பெயர் மாற்றினார்கள், முழுக்கத் தொலைத்தொடர்புக் கருவிகளின் பக்கம் திரும்பினார்கள். ஃபோர் சிஸ்டம்ஸ் என்ற அமெரிக்க நிறுவனத்தை மட்டும் 450 கோடி டாலர் கொடுத்து வாங்கினார்கள். 2000-இல் பங்கு விலை பன்னிரண்டரை பவுண்டைத் தொட்டது. 2001 ஜூலையில் லாபம் வீழும் என்ற அறிவிப்பு வந்தது. சில நாட்களில் மேயோவும் செப்டம்பரில் சிம்ப்சனும் வெளியேறினார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தார்கள். 2003-இல் கடன்காரர்கள் நிறுவனத்தை எடுத்துக்கொண்டபோது பழைய பங்குதாரர்களுக்கு மிஞ்சியது அரை சதவீதம்.

இதை 1974-இன் பயிற்சித் திட்டத்தின் தலையில் கட்டுவது நியாயமில்லை. உலகெங்கும் தொலைத்தொடர்புத் துறை சரிந்த காலம் அது. ஆனால் ரெவன்ஸின் கண்ணால் பார்த்தால் ஒன்று உறைக்கிறது. பழக்கமில்லாத தொழிலில், பழக்கமில்லாத சிக்கல்: பெல்ஜிய அதிகாரிகள் நின்ற அதே இடத்தில்தான் மார்க்கோனியின் தலைமையும் நின்றது. பெல்ஜியத்தில் அப்படி நின்றவருக்குக் கேட்டறிய மட்டுமே மாதங்கள் ஒதுக்கப்பட்டன. அவர் தயவை எதிர்பார்க்காத ஐந்து சகாக்கள் எதிரே உட்கார்ந்து, ‘யார் சொல்கிறார்கள்?’ என்று கேட்டார்கள். அவர்களுக்கு ரெவன்ஸ் சூட்டிய பெயர் இடர்ப்பாட்டில் தோழர்கள். மேலதிகாரிகளுக்குப் பயிற்சி கொடுக்கும் நிறுவனங்களில் பல, அந்தத் தோழமையை ஜெனரல் மேனேஜர் மட்டத்தோடு நிறுத்திக்கொள்கின்றன. இயக்குநர் குழு அறையின் கதவுக்கு உள்ளே அது தேவைப்படாது என்று நினைத்துக்கொள்கின்றன. கோடிக்கணக்கில் பணத்தைப் போட்டு நிறுவனத்தின் திசையையே திருப்பும் முடிவுகள் எடுக்கப்படுவதோ அந்த அறையில்தான்.

வைன்ஸ்டாக் 2002 ஜூலையில் இறந்தார். ரெவன்ஸ் அடுத்த ஆண்டு, 95 வயதில். மார்க்கோனியின் பெரும்பகுதியை ஸ்வீடனின் எரிக்சன் வாங்க ஒப்பந்தமானது 2005-இல்.

இதே கேள்வி கேட்கும் பழக்கத்தை ஒரு நிறுவனத்தின் உச்சியிலேயே, தலைவரின் முகத்துக்கு நேரே வைக்க முயன்ற இடம் ஒன்று உண்டு. ஜி.இ.சி.யோடு பெயரில் மட்டும் ஒட்டும் அமெரிக்காவின் ஜெனரல் எலக்ட்ரிக், நியூயார்க் மாநிலத்தில் 1956-இல் திறந்த குரோட்டன்வில் வளாகம் அது. அங்கே அடுத்த வாரம் போவோம்.

(தொடரும்)