தோலும் தந்தியும் – 9: மார்கழிப் பனியில் ஒரு பறை

வங்காள ராக் குழுவான மொஹீனேர் கோராகுலி 1981இல் கலைந்ததோடு போன வாரம் நிறுத்தினோம். கௌதம் சட்டோபாத்யாய் பாவுல் பாட்டையும் கிடாரையும் எப்படி ஒரே மேடையில் உட்கார வைத்தார் என்பது தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு நினைவிருக்கும். இந்த வாரம் சென்னை. தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்.

இயக்குநர் பா. இரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 2017இல் உருவாக்கிய குழு இது. 2018 ஜனவரி 6, சனிக்கிழமை, கீழ்ப்பாக்கம் சி.எஸ்.ஐ. பெயின்ஸ் பள்ளி மைதானத்தில் முதல் கச்சேரி. 19 பேர். கானா பாடுகிறவர்கள், ராப் பாடுகிறவர்கள், கிடார், டிரம்ஸ், கூடவே பறை, சட்டி, கட்ட மோளம். சாதிபேதமற்ற தமிழர் என்று அயோத்திதாசப் பண்டிதர் எழுதியதிலிருந்துதான் குழுவின் பெயர் வந்தது. 1907இல் ராயப்பேட்டையிலிருந்து அவர் தொடங்கிய வாரப் பத்திரிகையின் பெயர் ‘ஒரு பைசாத் தமிழன்’. பெயரிலேயே விலை இருக்கிறது. வாரப் பத்திரிகையில் எழுதுகிறவனுக்கு இதைச் சொல்லாமல் நகர மனம் வரவில்லை.

பஞ்சாங்கத்தைப் புரட்டினால் ஜனவரி 6 அன்று மார்கழி 22. சென்னை சபாக்களில் சீசன் ஓய்கிற நேரம். அந்த மாதத்தில், திறந்த மைதானத்தில், இரவில் பறை அடிப்பது என்றால் என்ன என்பது எனக்கு இந்த வாரம்தான் புரிந்தது. சுவாமிமலைக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றில் சாவுக்கும் திருவிழாவுக்கும் அடித்துப் பழகிய பெரியவர் ஒருவரிடம் பேசிக்கொண்டிருந்தேன். “பனிக்காலத்துல தோலு தொய்ஞ்சிடும் தம்பி. காய்ச்சாம அடிச்சா பேசாது” என்றார்.

பறையின் கட்டை மூன்று மரத்துண்டுகளை வளைவாகச் செதுக்கிப் பூட்டியது. அதன்மேல் மாட்டுத் தோலைப் புளியங்கொட்டைப் பசை போட்டு இழுத்து ஒட்டுகிறார்கள். வலது கையில் குட்டையான அடிக்குச்சி, இடது கையில் மெலிந்து நீண்ட சிண்டுக்குச்சி. திருகாணி கிடையாது, முறுக்காணி கிடையாது. சுருதி ஏற்ற ஒரே வழி நெருப்பு. எங்கள் பக்கத்தில் வைக்கோலைக் கொளுத்தி, தோலை அனலில் காட்டி, சுண்டிப் பார்த்து, மறுபடியும் காட்டுவார்கள். சுவாமிமலை ஸ்தபதி உருகும் உலோகத்தின் நிறத்தைக் கண்ணால் பார்த்துப் பதம் சொல்வார். பறைக்காரருக்கு அந்தப் பதம் காதில் இருக்கிறது. ஒரு நொடி அதிகமானால் தோல் கருகிக் கிழியும்.

இப்போது அந்த மேடையை நினைத்துப் பாருங்கள். கிடாரின் சுருதி தவறினால் இரண்டு பாட்டுக்கு நடுவே முறுக்காணியைத் திருகிச் சரிசெய்யலாம். பறையோ ஆற ஆற இறங்கும், பனி விழ விழ இன்னும் இறங்கும். ராக் குழுவோடு பறையைச் சேர்ப்பதில் கொள்கை ஒரு பக்கம் என்றால், இந்தத் தொழில்நுட்பச் சிக்கல் மறுபக்கம். செயற்கைத் தோல் போட்ட பறைக்குப் பல குழுக்கள் மாறியதற்கு இதுவும் ஒரு காரணம். செயற்கைத் தோல் பனிக்கு அசையாது. ஆனால் காய்ச்சிய தோலில் எழுகிற அந்த அடிவயிற்று அதிர்வு அதில் வருவதில்லை என்பது என் காது சொல்லும் தீர்ப்பு.

தோல் என்றதும் தஞ்சாவூரை விட்டுவிட முடியாது. மிருதங்கத்தில் பசு, ஆடு, எருமை மூன்றின் தோலும் இருக்கின்றன. பாலக்காடு மணி ஐயருக்கு மிருதங்கம் செய்து கொடுத்த பர்லாந்து தஞ்சாவூர்க்காரர். அவரையும் அவரைப் போன்ற தலித் கிறித்தவக் கைவினைஞர்களையும் பற்றி பாடகர் டி.எம். கிருஷ்ணா ‘செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்’ என்ற நூலை எழுதினார். 2020இல் அதன் வெளியீட்டுக்கு முதலில் அரங்கம் தருவதாகச் சொன்ன கலாக்ஷேத்ரா பிறகு அனுமதியை ரத்து செய்தது. மிருதங்கமாகி சபா மேடையில் ஏறிய தோலுக்கு மரியாதை கிடைத்தது, செய்த கைக்குக் கிடைக்கவில்லை. பறையில் தோலும் கையும் இரண்டுமே ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டன. டெல்டாவில் பறையடிப்பது அடிமைத் தொழில் என்று கருவியையே கீழே போட்டவர்கள் உண்டு. இல்லை, இது எங்கள் கலை என்று திரும்ப எடுத்தவர்களும் உண்டு. இரண்டு முடிவுக்கும் பின்னால் இருக்கும் வலி ஒன்றே. கீழ்ப்பாக்கத்து மேடை இரண்டாவது முடிவின் பக்கம் நின்றது. கூலிக்கு அழைக்கப்பட்ட கருவியாக இல்லாமல், கிடாருக்குச் சமமாக மைக் வைக்கப்பட்ட கருவியாக அங்கே பறை ஒலித்தது. தமிழ் ராக் வரலாற்றில் இதைவிடப் பெரிய நிகழ்வு எனக்குத் தெரிந்து இல்லை.

அதற்குப் பின் நடந்தவை வேகமானவை. 2020இல் குழுவின் பாடகி இசைவாணி பி.பி.சி.யின் நூறு பெண்கள் பட்டியலில் இடம்பெற்றார். அதே ஆண்டு டிசம்பரில் நீலம் ‘மார்கழியில் மக்களிசை’ விழாவைத் தொடங்கியது. 2021 மார்ச்சில் குழுவின் ராப் பாடகர் அறிவு பாடிய ‘எஞ்சாயி எஞ்சாமி’ உலகமெங்கும் ஒலித்தது. 2025இல் பறைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ.

குழுவின் இட ஒதுக்கீட்டுப் பாட்டையும் மாட்டுக்கறிப் பாட்டையும் பற்றி இந்த வாரம் எழுதுவதாகச் சொல்லியிருந்தேன். இடம் முடிந்துவிட்டது, அவை அடுத்த வாரம். ஆண்களே பாடிவந்த கானாவுக்குள் இசைவாணி நுழைந்த கதையும் அதோடு வரும். அதற்குள் ஒரு வேண்டுகோள்: உங்கள் ஊரில் இன்னும் மரத்திலும் மாட்டுத் தோலிலும் பறை கட்டுகிறவர் இருந்தால், எந்த மரம், எந்தப் பசை, எதைக் கொளுத்திக் காய்ச்சுகிறார் என்று கேட்டு எழுதுங்கள்.