எண்களுக்கு முன்னே சொற்கள்

ஒன்றாம் படிவ அறிவியல் கூடத்தில் ஒரு சோதனை. முதலில் 5 கிராம் உப்பைக் கரைக்க வேண்டும். பிறகு உப்பை இரு மடங்காக்க வேண்டும். தாளில் மலாயில் 'டுவா காலி கண்டா' என்று எழுதியிருந்தது. மாணவி ஒருத்தி 7 கிராம் உப்பை எடைபோட்டு வைத்திருந்தாள். மலாய்தான் புரியவில்லை போலும் என்று நினைத்து, "இரு மடங்கு என்றால் என்னம்மா?" என்று தமிழில் கேட்டேன். "ரெண்டு சேர்க்கணும், டீச்சர்" என்றாள்.

கோளாறு மலாயில் இல்லை. 'மடங்கு' என்ற கருத்தே அவளிடம் இன்னும் சேரவில்லை.

சுங்கை ஆயர் தாவார் வட்டாரத்தில் பெற்றோர் பலர் என்னிடம் கேட்பதுண்டு: "இடைநிலைப் பள்ளியில் மலாயில்தானே படிக்கப் போகிறான், வீட்டில் தமிழில் எண் சொல்லிக்கொடுத்து என்ன பயன்?" நியாயமான கவலைதான். ஆனால், குழந்தை எண்களைக் கற்கும் விதத்தைப் பார்த்தால் விடை வேறாக இருக்கிறது.

சொல்வது வேறு, புரிவது வேறு

மூன்று வயதுக் குழந்தை 'ஒன்று, இரண்டு, மூன்று' என்று பத்து வரை சொல்லும். அதனிடம் "மூன்று முறுக்கு கொடு" என்று கேட்டுப் பாருங்கள். பல குழந்தைகள் கைக்கு வந்ததை அள்ளிக் கொடுக்கும். அமெரிக்க உளவியலாளர் கேரன் வின் 1990இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. குழந்தை முதலில் 'ஒன்று' என்பதன் பொருளை அறிகிறது. சில மாதங்கள் கழித்து 'இரண்டு', பிறகு 'மூன்று'. அதன் பின்னரே, எண்ணும்போது கடைசியாகச் சொன்ன சொல்தான் மொத்தம் என்பது பிடிபடுகிறது.

இதில் வீட்டுப் பேச்சுக்குப் பங்கு உண்டா? சிக்காகோ பல்கலைக்கழகத்தின் சூசன் லெவின் குழுவினர் 44 குழந்தைகளின் வீடுகளுக்கு, 14 மாத வயது முதல் 30 மாத வயது வரை, ஐந்து முறை சென்று பெற்றோரின் பேச்சைப் பதிவு செய்தனர். ஒரு வீட்டில் மொத்தம் 4 எண்சொற்கள்; இன்னொரு வீட்டில் 257! எண்சொற்களை அதிகம் கேட்ட குழந்தைகள், நான்கு வயதை நெருங்கும்போது எண்களின் பொருளை நன்றாக அறிந்திருந்தனர். குடும்ப வசதியையும் பெற்றோர் பொதுவாகப் பேசும் அளவையும் கணக்கில் எடுத்த பிறகும் இந்தத் தொடர்பு மாறவில்லை. ஆய்வு 2010இல் வெளியானது. கண்முன் இருக்கும் பொருள்களை எண்ணிக் காட்டும் பேச்சே அதிகம் பயன்படுகிறது என்று மறு ஆண்டு வந்த ஆய்வு சொன்னது.

எண்கள் மட்டும் போதா. அதிகம், குறைவு, சமம், பாதி, இடையில், மடங்கு ஆகியவையும் கணிதச் சொற்களே. அண்ணனிடம் 6 முறுக்கு, தங்கையிடம் 2 முறுக்கு. அண்ணனிடம் '4 அதிகம்' என்பதும் சரி, '3 மடங்கு' என்பதும் சரி. இரண்டும் ஒன்றல்ல என்பதை மேசைமேல் முறுக்கை அடுக்கிக் காட்டினால் குழந்தைக்குப் புரிந்துவிடும்.

மொழி மாறும், பொருள் மாறாது

தமிழில் இருபது என்றால் இரு பத்து. மலாயில் 'டுவா புலோ' என்பதும் அதேதான். 'பின்னம்' என்றால் உடைந்தது. உடைந்த சிலையைப் பின்னமான சிலை என்கிறோம் அல்லவா? மலாயில் பின்னத்துக்குப் 'பெச்சாஹான்' என்று பெயர். 'பெச்சா' என்றாலும் உடைதல்தான். ஆங்கிலத்தின் 'ஃபிராக்ஷன்' கூட, உடைத்தல் என்னும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பொருளைத் தமிழில் உணர்ந்த பிள்ளைக்கு மலாயில் புதிதாக வேண்டியது பெயர் மட்டுமே. பொருளே தெரியாத பிள்ளை எந்த மொழியிலும் தடுமாறும்.

இதற்குத் தனிப் பாடம் தேவையில்லை. தேங்காய் உடைத்ததும் இரண்டு மூடியையும் காட்டி, "இரண்டும் சமமா? எது பெரிது?" என்று கேளுங்கள். சமமாக இருந்தால்தான் பாதி என்பது அங்கேயே விளங்கும். கடையில், "ஒரு வெள்ளிக்கு எத்தனை 20 காசு?" என்று கேளுங்கள். குழந்தை தவறாகச் சொன்னால் திட்டாமல், சேர்ந்து எண்ணிப் பாருங்கள்.

அந்த மாணவிக்கு நான் செய்ததும் இவ்வளவுதான். 5 கிராம் உப்பை ஒரு குவியலாக வைத்து, "இதே போல் இன்னொன்று வை" என்றேன். வைத்தாள். இரண்டையும் சேர்த்து எடை போட்டாள்: 10 கிராம். "ஓ, இதுதானா மடங்கு!" என்றாள். தாளில் இருந்த மலாய்ச் சொல்லை அதன்பின் நான் விளக்கவே இல்லை.

இன்று சோறு வைக்கும்போது உங்கள் பிள்ளையை அருகில் அழையுங்கள். அரிசி ஒரு டின், தண்ணீர் இரண்டு டின் என்றால், "தண்ணீர் அரிசியைப் போல் இரு மடங்கு" என்று சொல்லிக்கொண்டே ஊற்றச் சொல்லுங்கள்.