எரிதல் வெப்பத்தைக் கணக்கிடுவது எப்படி?

ஒரு பொருள் ஆக்சிஜனில் முழுமையாக எரியும்போது வெளிவிடும் வெப்பமே அதன் எரிதல் வெப்பம். வெப்பநிலைமானி காட்டுவது வெப்பநிலையை மட்டுமே. வெப்பத்தின் அளவைக் கணக்கிட்டுத்தான் பெற வேண்டும். அதற்கான கருவி பாம் கலோரிமானி. பிரெஞ்சு வேதியியலாளர் மார்செலின் பெர்தலோ 1880-களில் இதை உருவாக்கினார்.

தடித்த எஃகுக் கலத்துக்குள் எடைபோட்ட பொருளை வைத்து, சுமார் 30 வளிமண்டல அழுத்தத்தில் ஆக்சிஜனை நிரப்புவார்கள். நீர் நிறைந்த வாளியில் கலம் மூழ்கியிருக்கும். மெல்லிய கம்பியில் மின்சாரம் பாய்ந்ததும் பொருள் தீப்பற்றி எரிந்துவிடும், நீர் சூடேறும்.

வெப்பம் முழுவதும் நீருக்கே போவதில்லை. கலம், வாளி, கலக்கி ஆகியவையும் அதில் பங்கு பெறுகின்றன. எனவே கருவி முழுவதையும் 1 டிகிரி சூடாக்க எவ்வளவு வெப்பம் வேண்டும் என்பதை முதலில் அறிய வேண்டும். இதுவே கருவியின் வெப்ப ஏற்புத்திறன். கணக்கின் நம்பகத்தன்மை பெரிதும் இந்த எண்ணைச் சார்ந்தது. இதைக் கண்டறியப் பயன்படுவது பென்சாயிக் அமிலம். இதைத் தூய்மையாகப் பெறலாம், காற்றின் ஈரத்தை இது எளிதில் உறிஞ்சாது, மிச்சமின்றி எரியும். இதன் 1 கிராம் தரும் வெப்பம் சுமார் 26.43 கிலோஜூல்.

ஒரு மாதிரிக் கணக்கைப் பார்க்கலாம். 1 கிராம் பென்சாயிக் அமிலம் எரிந்ததில் வெப்பநிலை 2.50 டிகிரி உயர்ந்தது என்போம். 26.43-ஐ 2.50-ஆல் வகுத்தால், வெப்ப ஏற்புத்திறன் டிகிரிக்கு 10.57 கிலோஜூல். அதே கருவியில் 0.600 கிராம் நாப்தலீன், அதாவது பாச்சை உருண்டையாக விற்கப்படும் பொருள், 2.28 டிகிரி உயர்வைத் தருகிறது. 10.57-ஐ 2.28-ஆல் பெருக்கினால் 24.10 கிலோஜூல். அதை 0.600-ஆல் வகுத்தால், கிராமுக்கு 40.17 கிலோஜூல். நாப்தலீனின் மோலார் நிறை 128.17 கிராம் என்பதால், ஒரு மோலுக்குச் சுமார் 5,150 கிலோஜூல்.

உண்மையான ஆய்வில் சில திருத்தங்களும் தேவை. தீப்பற்றவைத்த கம்பி தந்த வெப்பத்தையும், கலத்தில் எஞ்சிய நைட்ரஜன் நைட்ரிக் அமிலமாக மாறியபோது வெளிப்பட்ட வெப்பத்தையும் கழிக்க வேண்டும். சுற்றுப்புறத்துடன் நடந்த வெப்பப் பரிமாற்றத்தைக் கணிக்க, எரிவதற்கு முன்னும் பின்னும் சில நிமிடங்கள் வெப்பநிலையைக் குறித்துவைப்பார்கள்.

கலத்தின் கன அளவு மாறாததால், கிடைப்பது அக ஆற்றல் மாற்றம். மாறா அழுத்தத்துக்குரிய மதிப்பே என்தால்பி மாற்றம்; அதைப் பெற வாயு அளவின் மாற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும். ஒரு மோல் நாப்தலீன் 12 மோல் ஆக்சிஜனைச் செலவழித்து 10 மோல் கார்பன் டைஆக்சைடைத் தருகிறது, நீர் திரவமாகிவிடுகிறது. வாயு 2 மோல் குறைவதால், 25 டிகிரி செல்சியஸில் சுமார் 5 கிலோஜூலைக் கூட்ட வேண்டும். வெப்பம் வெளியேறுவதால் எதிர்க்குறியிட்டு, என்தால்பி மாற்றத்தை மோலுக்கு −5,155 கிலோஜூல் என்று எழுதுவார்கள். ஏற்கப்பட்ட மதிப்பும் இதற்கு மிக நெருக்கமானதே.