பெட்டிக்குள் பட்டினி கிடக்கும் மண்ணுளி

மழைக்குப் பின் அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கம் உழவு ஓடும்போது சில நேரம் மண்ணுளிப் பாம்பு மண்ணோடு புரண்டு வெளியே வரும். குட்டி என்றால் செம்மண் நிறம், வால் பக்கம் கறுப்புப் பட்டைகள். வால் மொண்ணையாக இருப்பதால்தான் இருதலைப் பாம்பு என்கிறார்கள். விஷம் கிடையாது. நக்கினால் குஷ்டம் வரும் என்பது வெறும் கட்டுக்கதை.

லட்சக்கணக்கில் விலை போகும் என்ற ஏமாற்றுப் பேச்சை நம்பி அதைப் பெட்டியில் அடைத்தால் என்ன ஆகும்? இரையைத் தொடாது. பகலெல்லாம் மண்ணுக்குள் புதைந்து கிடந்து, இரவில் எலி தேடும் உயிர் அது. புதைய மண் இல்லாமல், ஓயாமல் கை பட்டால் மிரண்டுபோகும். உடம்பில் சூடு குறைந்தால் விழுங்கியது செரிக்காது, கக்கிவிடும். தோல் உரிக்கும் முன் கண் நீலம் பூத்து மங்கும். அப்போதும் பெரும்பாலும் இரை எடுக்காது. பாம்பு வளர்க்க அனுமதி உள்ள வெளிநாடுகளில்கூட, புதிதாக வந்த குட்டியை ஒரு வாரம்போலத் தொடாமல் விட்டுவிட்டு, பிறகுதான் அதன் உடம்புப் பருமனுக்கு ஏற்ற எலிக்குஞ்சைக் கொடுக்கிறார்கள்.

இங்கே 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி மண்ணுளியைப் பிடிப்பதும் வளர்ப்பதும் விற்பதும் குற்றம். புஞ்சையில் கண்டால் அதன் போக்கில் விடுங்கள். விளைச்சலைத் தின்னும் எலியை அது பார்த்துக்கொள்ளும். வீட்டுக்குள் வந்துவிட்டால் தீயணைப்பு நிலையத்துக்கோ வனத்துறைக்கோ சொல்லுங்கள். என்ன பாம்பென்று தெரியாமல் கை வைக்கவே வேண்டாம். கடும் விஷமுள்ள சுருட்டை விரியனும் இதுபோன்ற வறண்ட பூமியில்தான் வாழ்கிறது.