இணைப்பு திரும்பினாலும் அழைப்பு அறுந்துபோவது ஏன்? ரவுட்டர்கள் வழி தேடும் விதம்: ஒரு விளக்கம்

ஆண்டர்சன்பேட்டை: கோலார் தங்கவயல் சுரங்கங்கள் 2001ஆம் ஆண்டு பிப்ரவரி 28ஆம் தேதி மூடப்பட்டன. அதன் பின்னர் ஆண்டர்சன்பேட்டை, ராபர்ட்சன்பேட்டை, மாரிக்குப்பம் உள்ளிட்ட பகுதிகளைச் சேர்ந்த ஆயிரக்கணக்கானோர், வேலைக்காக நாள்தோறும் சுமார் 100 கி.மீ. தொலைவிலுள்ள பெங்களூருக்கு ரயிலில் சென்று திரும்புகின்றனர். வீட்டிலிருந்தே பணிபுரியும் வாய்ப்பைப் பெற்றவர்களுக்கு அந்தப் பயணம் மிச்சமாகிறது. ஆனால் அவர்களது அன்றாட வேலை, வீட்டுக்குள் வரும் ஒற்றை கேபிளை நம்பி நிற்கிறது.

அந்த இணைப்பு சில விநாடிகள் தடைபட்டுத் திரும்பும்போது ஒரு விந்தை நிகழ்கிறது. செய்தித் தளங்கள் உடனே திறக்கின்றன. ஆனால் அலுவலகக் கணினியுடனான தொடர்பு அறுந்து, மீண்டும் கடவுச்சொல் கேட்கிறது. வேறு சில வேளைகளிலோ, வழியில் பெரிய கேபிள் ஒன்று துண்டிக்கப்பட்டிருந்தாலும், நடந்துகொண்டிருக்கும் அழைப்பு எதுவும் நேராததுபோல் தொடர்கிறது.

இந்த வேறுபாட்டுக்கான காரணம், ரவுட்டர் எனப்படும் திசைவி செய்யும் இரண்டு தனித்தனிப் பணிகளில் உள்ளது. ஒன்று, தரவு செல்ல வேண்டிய வழியைத் தேர்ந்தெடுப்பது. மற்றொன்று, யார் யாருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்ற அமர்வுக் கணக்கை நினைவில் வைத்திருப்பது.

மாரிக்குப்பமும் பங்காரப்பேட்டையும்

இணையத்தில் அனுப்பப்படும் எந்தச் செய்தியும் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பொட்டலத்தின் மீதும் அனுப்புநர், பெறுநர் ஆகியோரின் ஐ.பி. முகவரிகள் இருக்கும். வழியிலுள்ள ஒவ்வொரு ரவுட்டரும் பெறுநர் முகவரியைப் பார்த்து, தனக்கு அடுத்துள்ள எந்த ரவுட்டரிடம் அதை ஒப்படைப்பது என்பதை மட்டுமே தீர்மானிக்கிறது. முழுப் பயணத்தையும் திட்டமிடும் தலைமை நிலையம் என்று எதுவும் இல்லை.

தங்கவயல் வாசகர்களுக்கு இதை ரயில் பாதையைக் கொண்டே விளக்கலாம். மாரிக்குப்பத்தில் ரயில் ஏறுபவருக்குத் தேர்வு ஏதும் இல்லை. எங்கு செல்வதானாலும் முதலில் பங்காரப்பேட்டைக்குத்தான் சென்றாக வேண்டும். வீட்டு ரவுட்டரின் நிலையும் இதுவே. வீட்டுக்குள் இல்லாத எந்த முகவரியானாலும், சேவை நிறுவனத்தை நோக்கிய ஒரே வழியில் அது அனுப்பிவிடுகிறது. இதற்கு 'இயல்பு வழி' என்று பெயர்.

பங்காரப்பேட்டை சந்திப்பில் நிலைமை வேறு. அங்கிருந்து பெங்களூரு, ஜோலார்பேட்டை, கோலார் எனத் தனித்தனித் திசைகளில் பாதைகள் பிரிகின்றன. எந்த ஊருக்கு எந்தப் பாதை என்ற பட்டியல் அங்கு தேவைப்படுகிறது. சேவை நிறுவனங்களின் பெரிய ரவுட்டர்கள் வைத்திருக்கும் 'வழிப் பட்டியல்' அத்தகையது. உலக இணையத்தின் முழுமையான பட்டியலில், பழைய நான்காம் பதிப்பு முகவரிகளுக்கு மட்டும் 9 லட்சத்துக்கும் மேற்பட்ட வழிகள் உள்ளன. 2014ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி இந்த எண்ணிக்கை 5.12 லட்சத்தைக் கடந்தபோது, அதற்கு மேல் நினைவகம் ஒதுக்கப்படாத பழைய ரவுட்டர்கள் திணறியதால் உலகின் பல இடங்களில் இணையச் சேவை பாதிக்கப்பட்டது.

நுணுக்கமான முகவரிக்கே முன்னுரிமை

ஒரே முகவரிக்குப் பட்டியலில் இரண்டு வழிகள் பொருந்தினால், மிகக் குறிப்பான முகவரித் தொகுதியைக் கொண்ட வழியே வெல்லும். 'கோலார் மாவட்டக் கடிதங்கள் இந்தப் பையில்' என்றும், 'ஆண்டர்சன்பேட்டைக் கடிதங்கள் அந்தப் பையில்' என்றும் இரண்டு அறிவிப்புகள் இருந்தால், ஆண்டர்சன்பேட்டைக்கான கடிதம் இரண்டாவது பையில்தான் சேரும்.

இந்த விதியின் ஆபத்தை 2008ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் தேதி உலகம் கண்டது. தன் நாட்டுக்குள் யூடியூப் தளத்தைத் தடை செய்ய முற்பட்ட பாகிஸ்தான் டெலிகாம் நிறுவனம், அத்தளத்தின் 256 முகவரிகள் கொண்ட சிறு தொகுதி தன்னிடம் இருப்பதாக அறிவித்தது. அந்த அறிவிப்பு நாட்டு எல்லைக்கு வெளியேயும் கசிந்தது. யூடியூப் அறிவித்திருந்ததோ 1,024 முகவரிகள் கொண்ட பெரிய தொகுதி. நுணுக்கமான அறிவிப்பே வெல்லும் என்பதால், உலகெங்கிலும் உள்ள ரவுட்டர்கள் யூடியூப் கோரிக்கைகளைப் பாகிஸ்தானுக்குத் திருப்பின. ஏறத்தாழ இரண்டு மணி நேரம் அத்தளம் பலருக்குக் கிடைக்கவில்லை. ஒரு முகவரித் தொகுதியை அறிவிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதை மின்னணுச் சான்றிதழ் மூலம் சரிபார்க்கும் முறை இன்று பரவி வருவதற்கு, இத்தகைய நிகழ்வுகளே காரணம்.

குறுகிய வழியா, மலிவான வழியா?

ஒரே நிறுவனத்தின் வலையமைப்புக்குள் வழி தேடுவதற்கு ஓ.எஸ்.பி.எஃப். என்ற நெறிமுறை பரவலாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு 'செலவு' எண் வழங்கப்படுகிறது. வேகமான இணைப்புக்குக் குறைந்த எண், மெதுவான இணைப்புக்கு அதிக எண். நேர்வழி ஒன்றின் செலவு 20 என்றும், சுற்றுவழியின் இரண்டு பகுதிகளின் செலவு முறையே 5, 8 என்றும் வைத்துக்கொண்டால், மொத்தம் 13 ஆகும் சுற்றுவழியையே ரவுட்டர் தேர்ந்தெடுக்கும். இதற்கான கணக்கீட்டு முறையை நெதர்லாந்து அறிஞர் எட்ஸ்கர் டெய்க்ஸ்ட்ரா 1956ஆம் ஆண்டு உருவாக்கி, 1959ஆம் ஆண்டு வெளியிட்டார்.

நிறுவனங்களுக்கு இடையில் விதி மாறுகிறது. அங்கு 1989ஆம் ஆண்டு உருவான பி.ஜி.பி. என்ற நெறிமுறை ஆட்சி செய்கிறது. இதில் தொலைவைவிட வணிக உடன்பாடே முதலில் பார்க்கப்படுகிறது. பொதுவாக, பணம் செலுத்தும் வாடிக்கையாளர் வழியாகச் செல்லும் பாதைக்கு முதலிடம். கட்டணமின்றித் தரவைப் பரிமாறிக்கொள்ளும் சக நிறுவனத்தின் பாதைக்கு இரண்டாமிடம். தான் பணம் கொடுத்துப் பெறும் பாதைக்குக் கடைசி இடம். இவை சமமாக இருந்தால்தான், எத்தனை வலையமைப்புகளைக் கடக்க வேண்டும் என்ற எண்ணிக்கை கணக்கில் வருகிறது.

எனவே, ஒரே தெருவில் எதிரெதிர் வீடுகளில் வசிப்போர் வெவ்வேறு நிறுவனங்களின் இணைப்பைப் பெற்றிருந்தால், ஒருவர் அனுப்பும் கோப்பு அந்த நிறுவனங்கள் சந்திக்கும் நகரம் வரை சென்றே எதிர்வீட்டுக்குத் திரும்பும். இத்தகைய சந்திப்புகள் நாட்டுக்குள்ளேயே நிகழ வேண்டும் என்ற நோக்கில், 2003ஆம் ஆண்டு 'நிக்சி' எனப்படும் இந்திய தேசிய இணையப் பரிமாற்ற நிறுவனம் தொடங்கப்பட்டது. கண்ணாடி இழையில் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் செல்கிறது. பெங்களூரு வரையிலான 100 கி.மீ. தொலைவைச் சென்று திரும்ப ஒரு மில்லி விநாடி போதும். அதே தரவு வேறு கண்டத்தைச் சுற்றி வந்தால், தாமதம் நூறு மில்லி விநாடிகளைத் தாண்டக்கூடும். கோப்பை இறக்குவோருக்கு இது பொருட்டல்ல. நேரலையில் பேசுவோருக்கு உடனே தெரியும்.

பாதை அறுந்தால்

2008ஆம் ஆண்டு ஜனவரி 30ஆம் தேதி, எகிப்தின் அலெக்சாண்டிரியா அருகே இரண்டு கடலடிக் கேபிள்கள் அறுந்தன. மேற்கு நோக்கிச் செல்லும் இந்தியத் தரவின் பெரும்பகுதி அவ்வழியே சென்றதால், நாடு முழுவதும் இணைய வேகம் வெகுவாகச் சரிந்தது. கேபிள்களைச் சீரமைக்கும் வரை காத்திராமல், சேவை நிறுவனங்கள் சென்னையிலிருந்து சிங்கப்பூர் செல்லும் கேபிள்கள் வழியாகக் கிழக்குத் திசையில் தரவைத் திருப்பின. வழி நீண்டது, நெரிசலும் கூடியது. ஆயினும் இணைப்பு முற்றிலும் அற்றுப்போகவில்லை.

வழி மாறுவதற்கு முன், பாதை அறுந்துவிட்டது என்பதை ரவுட்டர் அறிய வேண்டும். அண்டை ரவுட்டர்கள் தாம் உயிருடன் இருப்பதைக் குறித்த இடைவெளியில் அறிவித்துக்கொள்கின்றன. பி.ஜி.பி. விதிமுறை பரிந்துரைக்கும் காத்திருப்பு நேரம் 90 விநாடிகள். அதுவரை ஒலி வராவிட்டால், அந்த அண்டை ரவுட்டர் இல்லையென முடிவு செய்யப்படும். நிமிடக் கணக்கில் காத்திருக்க இயலாத இடங்களில், ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் தடையைக் கண்டறியும் துணை நெறிமுறைகள் பயன்படுத்தப்படுகின்றன.

இவ்வாறு நடுவழியில் பாதை மாறும்போது, உரையாடலின் இரு முனைகளிலும் உள்ள முகவரிகள் மாறுவதில்லை. தொலைந்த பொட்டலங்கள் மீண்டும் அனுப்பப்படுகின்றன. அதனால்தான் அழைப்பு சற்றுத் தடுமாறித் தொடர்கிறது.

அமர்வுக் கணக்கு

வீட்டு ரவுட்டரின் கதை வேறு. நான்காம் பதிப்பில் சாத்தியமான மொத்த முகவரிகள் சுமார் 429 கோடி மட்டுமே. அவை போதாமையால், வீட்டிலுள்ள கைபேசி, கணினி, தொலைக்காட்சி அனைத்தும் வெளியுலகில் ஒரே பொது முகவரியைப் பகிர்ந்துகொள்கின்றன. எந்தப் பதில் எந்தக் கருவிக்கு உரியது என்பதை அறிய, ரவுட்டர் ஒரு பட்டியல் எழுதுகிறது. அனுப்புநர் முகவரி, அவரது போர்ட் எண், பெறுநர் முகவரி, அவரது போர்ட் எண், நெறிமுறை ஆகிய ஐந்து விவரங்களும் சேர்ந்ததே ஓர் அமர்வு.

இப்பட்டியலுக்கு ஆயுள் உண்டு. டி.சி.பி. முறையிலான இணைப்பு பேச்சின்றி இருந்தாலும், குறைந்தது 2 மணி 4 நிமிடம் அதன் பதிவைக் காக்க வேண்டும் என்பது இணையத் தர விதி. நேரலை அழைப்புகள் பெரிதும் பயன்படுத்தும் யு.டி.பி. முறைக்கு இது 2 நிமிடம் மட்டுமே. பல செயலிகள் பேச்சில்லாத வேளையிலும் சில விநாடிகளுக்கு ஒருமுறை சிறு பொட்டலத்தை அனுப்புவது, இப்பதிவு அழிந்துவிடாமல் காக்கவே.

பட்டியல் தற்காலிக நினைவகத்தில் இருப்பதால், மின்சாரம் நின்றால் அழிந்துவிடும். மேலும், இணைப்பு மீண்டும் தொடங்கும்போது சேவை நிறுவனம் புதிய முகவரியை வழங்கக்கூடும். அலுவலகக் கணினி பழைய முகவரியுடனேயே பேசிக்கொண்டிருக்கும். புதிய முகவரியிலிருந்து வரும் பொட்டலம் அதற்கு அந்நியம். எனவே இணைப்பு திரும்பினாலும் அமர்வு திரும்புவதில்லை. வைஃபையிலிருந்து கைபேசித் தரவுக்கு மாறும்போது அழைப்பு அறுவதும் இதே காரணத்தால்தான். 2021ஆம் ஆண்டு மே மாதம் தரப்படுத்தப்பட்ட 'குவிக்' நெறிமுறை, முகவரிக்குப் பதிலாகத் தனி அடையாள எண்ணைக் கொண்டு அமர்வை அறிவதால், முகவரி மாறினாலும் தொடர வழி செய்கிறது.

பயனர்கள் அறிய வேண்டியவை

1902ஆம் ஆண்டிலேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து ஏறத்தாழ 150 கி.மீ. நீள மின்பாதை வழியாக மின்சாரம் பெற்ற ஊர் தங்கவயல். இன்றைய இணைய இணைப்பும் மின்சாரத்தையே நம்பியுள்ளது. ரவுட்டருக்கும் ஃபைபர் கருவிக்கும் ஒரு சிறிய யு.பி.எஸ். பொருத்தினால், குறுகிய மின்தடைகளில் அமர்வுப் பட்டியலும் முகவரியும் காக்கப்படும்.

இரண்டு இணைப்புகள் வாங்குவோர், அவை இரண்டும் ஒரே கம்பத்தின் வழியாகவோ ஒரே குழியின் வழியாகவோ வருகின்றனவா எனக் கேட்டறிவது அவசியம். நிறுவனங்களின் பெயர் வேறாக இருந்தாலும் பாதை ஒன்றாக இருந்தால், ஒரே மண்வெட்டி இரண்டையும் துண்டித்துவிடும். மேலும், தலா 100 எம்.பி.பி.எஸ். வேகமுள்ள இரண்டு இணைப்புகளைப் பகிர்ந்தளிக்கும் ரவுட்டர்கள், பொதுவாக ஓர் அமர்வை ஒரே இணைப்பில்தான் அனுப்பும். பொட்டலங்கள் வரிசை மாறிச் சேராமல் இருக்கவே இந்த ஏற்பாடு. எனவே ஒரு கோப்பை இறக்கும் வேகம் 200 ஆகிவிடாது. இருவர் தனித்தனியே பணிபுரிவதற்கே அது உதவும்.

பணம் செலுத்தும் நேரத்தில் இணைப்பு அறுந்தால், பதில் வரவில்லை என்பதற்காகக் கோரிக்கையும் சென்று சேரவில்லை என்று கருதிவிடக் கூடாது. கோரிக்கை வங்கியை அடைந்த பின்னர், திரும்பும் வழியில் பதில் மட்டும் தொலைந்திருக்கலாம். பரிவர்த்தனையின் நிலையைச் சரிபார்த்த பின்னரே மீண்டும் செலுத்துவது பாதுகாப்பானது.